பருத்தி விற்றுக் கட்டிய பள்ளிக்கூடங்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், லீ கவுன்டியில் லோச்சபோகா என்றொரு சிற்றூர். 1913-இல் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஓராசிரியர் பள்ளி ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். சிகாகோ வணிகர் ஒருவர் 300 டாலர் கொடுத்தார். உள்ளூர் வெள்ளையர்கள் 360 டாலர் தந்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் நிலம் வாங்க 150 டாலர் போட்டன. அதோடு 132 டாலர் 50 சென்ட் பெறுமான உழைப்பையும் கொடுத்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்பினத்தவரின் பங்குதான் இருப்பதிலேயே சிறியது. ஆனால் அந்தப் பங்கு யாருடைய கையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அடிமைத்தனம் ஒழிந்து அப்போது ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் பகுதியின் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. வெள்ளை நிலக்காரரிடம் வாரத்துக்குப் பயிரிட்டு, விதைக்கும் உரத்துக்கும் சோளமாவுக்கும் அவரிடமே கடன்பட்டு, பருத்தி எடுத்துக் கணக்குத் தீர்க்கும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் வீடு திரும்பியவர்கள் அவர்கள். கல்விக்கான வரி அவர்களிடமும் வசூலானது. அந்த வரியில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வராததால், அதே பள்ளிக்காக இரண்டாம் முறை பணம் திரட்டினார்கள். கறுப்பினக் கல்வியின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை இரட்டை வரி என்றே குறிப்பிடுகிறார். இப்படிக் கட்டப்பட்ட பள்ளிகளைப் பற்றி என்ன பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடிமைக் காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலை பெற்ற மக்கள் முதலில் தேடிப்போனவற்றில் பள்ளியும் ஒன்று. பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். அந்த எழுச்சி நீடிக்க விடப்படவில்லை. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில், பிரித்துவைக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்துவைப்பதைத் தென் மாநிலங்கள் இம்மி பிசகாமல் நிறைவேற்றின. சமம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துத் தலை எண்ணி மாநில அரசிடம் பணம் வாங்கிய கவுன்டி கல்விக் குழுக்கள், அதில் பெரும்பகுதியை வெள்ளையர் பள்ளிகளுக்கே செலவிட்டன. கறுப்பினப் பிள்ளைகள் தேவாலயத்திலும், சங்கக் கட்டடத்திலும், காலியாகக் கிடந்த குடிசையிலும் படித்தார்கள். ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம்தான் பள்ளி நடக்கும்.

அப்படியொரு பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்தான், பின்னாளில் கறுப்பினச் சிந்தனையாளராகப் பெயர்பெற்ற டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1880-களின் கோடை விடுமுறைகளில் டென்னசி மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பாடம் நடத்தினார். அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம், ஒரு நிலக்காரர் சோளம் போட்டுவைத்திருந்த மரக்கட்டைக் கொட்டகை. கதவு கிடையாது. சுவரின் இடுக்குகள்தாம் சன்னல். ஆசிரியருக்கான நாற்காலியை ஒரு வீட்டிலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேலை கேட்டுக் கல்வி அதிகாரியின் வீட்டுக்குப் போன நாளில், வெள்ளையர் பள்ளிக்கு விண்ணப்பித்த இளைஞன் ஒருவனும் உடன் வந்திருந்தான். அதிகாரி இருவரையும் அன்பாகச் சாப்பிடச் சொன்னார். அதிகாரியும் அந்த வெள்ளை இளைஞனும் முதலில் உண்டார்கள். டு போய்ஸ் பிறகு தனியாக உண்டார். 1903-இல் வந்த தம் புகழ்பெற்ற நூலில் இதை அவர் சொல்லியிருக்கிறார். பந்தியில் யார் முதலில், யார் பிறகு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிகாகோ வணிகர் என்றேனே, அவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1862-இல் பிறந்தவர். துணி வியாபாரத்தில் தொடங்கி, தபால் வழியாக நாடு முழுவதும் பொருள் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவராகப் பெரும் செல்வம் சேர்த்தார். ரஷ்யாவில் யூதர்கள் தாக்கப்படுவதைக் கண்டு கொதிக்கும் அமெரிக்கர்கள், சொந்த மண்ணில் கறுப்பினத்தவருக்கு நடப்பதைப் பார்க்க மறுக்கிறார்களே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1911-இல் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். 1881 முதல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினத்தவருக்கான கல்வி நிறுவனத்தை நடத்திவந்தவர். 1912-இல் தம் ஐம்பதாவது பிறந்தநாளில் ரோசன்வால்ட் டஸ்கீகிக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் கொஞ்சம் பணம் மிஞ்சும், அதைக்கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களில் ஆறு சிறு பள்ளிகள் கட்டிப்பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். அந்த ஆறில் முதலாவதுதான் லோச்சபோகா.

பள்ளிகளுக்கான மரச்சட்டங்களைத் தம் நிறுவனத்திலிருந்தே அளவெடுத்து அறுத்து அனுப்பிவிடலாம் என்று ரோசன்வால்ட் நினைத்தார். வாஷிங்டன் ஒப்பவில்லை. ஊர் மரம், ஊர்த் தச்சர், ஊர் உழைப்பு என்றுதான் கட்ட வேண்டும் என்றார். நன்கொடையை மொத்தமாகக் கொடுத்துவிடாமல், ஊரார் ஒரு பங்கு போட்டால்தான் மறுபங்கு என்று வைத்ததிலும் இருவருக்கும் உடன்பாடு இருந்தது. 1915 நவம்பரில் வாஷிங்டன் இறந்த பிறகும் திட்டம் நின்றுவிடவில்லை. 1917-இல் ரோசன்வால்ட் நிதி என்ற அறக்கட்டளை பிறந்தது. 1920-இல் பள்ளி கட்டும் பணி டஸ்கீகியிலிருந்து நாஷ்வில் அலுவலகத்துக்கு மாறியது. 1932-இல் ரோசன்வால்ட் மறைந்தார். அதே ஆண்டு பள்ளி கட்டும் திட்டமும் முடிந்தது. அதற்குள் 15 மாநிலங்களில், 883 கவுன்டிகளில், 5,357 கட்டடங்கள் எழுந்திருந்தன. அவற்றில் 4,977 பள்ளிகள், 217 ஆசிரியர் வீடுகள், 163 தொழிற்கூடங்கள். வட கரோலினாவில் மட்டும் 800-க்கும் மேல்.

இத்தனைக்கும் ஆன செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம். கோடீஸ்வரரைவிட வாரக்குடிகள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். மீதியில் வெள்ளையர் நன்கொடை 12 லட்சம். மற்றதெல்லாம் வரிப்பணம், அதிலும் கறுப்பினத்தவரின் வரி கலந்தே இருந்தது. தம் பெயரை வைக்க வேண்டும் என்று ரோசன்வால்ட் எங்கும் நிபந்தனை போட்டதில்லை. ஆனாலும் அவை ரோசன்வால்ட் பள்ளிகள் என்றே அறியப்படுகின்றன. பல வகுப்பறைகளில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அவருக்கு உரிய நன்றியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் அந்த 47 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கதை.

ஊர் ஊராக வெவ்வேறு வழிகளில் சேர்ந்தது. பெண்கள் கோழி வளர்த்து விற்றார்கள். சனிக்கிழமை மாலைகளில் மீன் வறுத்து விற்றார்கள். கட்டுச்சோறுப் பெட்டிகளை அலங்கரித்து ஏலம் விட்டார்கள். சில ஊர்களில் பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தைத் தனியே ஒதுக்கி, எல்லாரும் சேர்ந்து அதில் பருத்தி போட்டார்கள். தங்கள் வயல் வேலை முடிந்த பிறகு அங்கே போய்க் களை எடுத்தார்கள். காசு இல்லாதவர் மரம் கொடுத்தார். மரம் இல்லாதவர் வண்டி ஓட்டினார். அலபாமாவின் கிரீன் கவுன்டியில் பொலிஜீ என்ற ஊரில் நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றி, பள்ளி கட்டும் பணிக்காகச் சுற்றிவந்த அலுவலர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அடிமைக் காலத்தைப் பார்த்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, அழுக்கேறிய பழைய பையொன்றை மேசைமேல் கவிழ்த்தாராம். ஐந்து சென்ட், பத்து சென்ட் காசுகள். எண்ணிப் பார்த்தால் 38 டாலர். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது அவ்வளவுதான். தனக்கு இனி ஒன்றும் வேண்டாம், பேரன் பேத்திகளின் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நிதியின் நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததற்கு அது முக்கியம். பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். அந்த நிலமும் கட்டடமும் அரசுக் கல்விக் குழுவின் பெயரில் எழுதிக்கொடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் அது அரசுப் பள்ளி ஆகும், ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்கும் என்பது நியாயமான காரணம். ஆனால் அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளையர்கள். ஊரார் உழைத்து வாங்கிய நிலம், எழுத்துப்படி அவர்களுடையதாக இல்லாமல் போயிற்று.

சன்னல் நிறைய வெளிச்சம்

முதல் பள்ளிகளுக்கான வரைபடங்கள் டஸ்கீகியில் உருவாயின. அங்கே கட்டடக்கலை கற்பித்த ராபர்ட் ஆர். டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1892-இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பிறகு நாஷ்வில் அலுவலகத்தை நடத்திய சாமுவேல் ஸ்மித் அவற்றை விரித்து, ஓராசிரியர் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, இன்னும் பெரியவை என்று வரைபடப் புத்தகங்கள் வெளியிட்டார். அந்தப் படங்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது. ஊர்களில் மின்சாரம் இல்லை. ஆகவே சூரியனை நம்பியே வரைந்திருக்கிறார்கள். வகுப்பறையின் சன்னல்கள் கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டும். சன்னல்களைத் தனித்தனியாக வைக்காமல், உயரமாக, வரிசையாக ஒரே சுவரில் அடுக்க வேண்டும். பிள்ளைகளின் இருக்கை, வெளிச்சம் இடத்தோளுக்கு மேலாக விழும்படி அமைய வேண்டும்; வலக்கையால் எழுதும் பிள்ளையின் ஏட்டில் நிழல் படக் கூடாது. ஈரம் ஏறாமலிருக்கக் கட்டடம் செங்கல் தூண்களின் மேல் நிற்க வேண்டும். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே மடக்குத் தடுப்பு. அதைத் திறந்துவிட்டால் ஊர்க்கூட்டம் போட ஒரு மண்டபம். சுவரின் நிறம், திரைச்சீலையின் நிறம்வரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அரசின் கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகளுக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்தத் தோளின் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று யோசித்திருக்கிறார். பல ஊர்களில் கறுப்பினத்தவரின் பள்ளி, பக்கத்து வெள்ளையர் பள்ளியைவிட அழகாக அமைந்துவிட்டது. அது சிலருக்குப் பொறுக்கவில்லை. சில பள்ளிகளுக்கு இரவோடு இரவாகத் தீ வைத்தார்கள்.

உள்ளே படித்தவர்களின் நினைவுகள் மாநிலம் மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. நடந்து போவது முதலில் வரும். மூன்று மைல், ஐந்து மைல் நடை. பின்னாலிருந்து வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வரும். சன்னல் வழியாக வசைச்சொல்லும் எச்சிலும் வந்து விழும். பள்ளிக்குச் சீக்கிரம் போகும் பையன்கள் சுள்ளி பொறுக்கி இரும்பு அடுப்பை மூட்ட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கும், சன்னலோரம் இருப்பவருக்கு விரல் விறைக்கும். சர்க்கரைப்பாகு வந்த தகரக் குவளைதான் சாப்பாட்டு வாளி. ஒரே அறையில் பல வகுப்புகள். சின்னப் பிள்ளைகள், பெரிய வகுப்பின் பாடத்தையும் காதில் வாங்கியே தேறினார்கள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்லாதவர்களே இல்லை. வெள்ளையர் பள்ளியில் பழையதாகி ஒதுக்கப்பட்ட பாடநூல்கள்தாம் இங்கே வரும். முதல் பக்கத்தில் ஏற்கனவே எழுதப்பட்ட பெயர்கள். நடுவில் பக்கங்கள் இருக்காது. சில புத்தகங்களில், அடுத்து யார் கைக்குப் போகும் என்று தெரிந்தே கேவலமாக எழுதிவைத்திருப்பார்கள். எண்பது வயதிலும் இதைச் சொல்லும்போது குரல் மாறுகிறவர்களின் பதிவுகள் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகளில் நிறைய உண்டு. வறுமையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். இந்த அவமானத்தை அப்படிச் சொல்ல முடிவதில்லை.

பிறகு பருத்தி. எடுப்புக் காலம் வந்தால் வகுப்பு பாதியாகும். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ், அலபாமாவின் பைக் கவுன்டியில் டன்ஸ் சாப்பல் என்ற இரண்டறை ரோசன்வால்ட் பள்ளியில் தொடங்கியவர். வயலுக்கு ஆள் வேண்டும், இன்று பள்ளி வேண்டாம் என்று வீட்டில் சொல்லும் நாட்களில், முன்வாசல் திண்ணைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பேருந்துச் சத்தம் கேட்டதும் ஓடி ஏறிவிடுவாராம். பெற்றோர் கோபித்தார்கள், ஆனால் தடுக்க முடியவில்லை. பதினாறு வயதில் ஊர்ப் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டுப் போனார். அது வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆசிரியர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பெரும்பாலும் இளம்பெண்கள். ஊரில் ஏதோ ஒரு வீட்டில் தங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியைச் சுண்ணக்கட்டிக்கும் விறகுக்கும் செலவழித்தவர்கள். செப்டிமா கிளார்க் 1916-இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இரண்டு ஆசிரியர்கள், 132 பிள்ளைகள். சாலையின் எதிர்ப்பக்கத்து வெள்ளையர் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு மூன்று பிள்ளைகள். கிளார்க்குக்கு 35 டாலர் சம்பளம். எதிர்ப்பள்ளி ஆசிரியைக்கு 85. அந்தத் தீவில் பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அனுபவம் வீண்போகவில்லை. 1957-இல் அதே தீவில், வாக்காளராகப் பதிவு செய்யத் தேவையான எழுத்தறிவைப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் கிளார்க் முதன்மையானவர். தெற்கு முழுவதும் பரவிய அந்தப் பள்ளிகள் வழியாகத்தான் ஆயிரக்கணக்கானோர் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படித்தது ஆர்கன்சாவின் ஸ்டாம்ப்ஸ் ஊரில், லஃபாயெட் கவுன்டி பயிற்சிப் பள்ளியில். 1940-இல் அவர் எட்டாம் வகுப்பு முடித்த பட்டமளிப்பு நாளைத் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். மாதக்கணக்காக ஊரே அந்த நாளுக்குத் தயாராகியிருந்தது. தைத்த உடை, இஸ்திரி போட்ட சட்டை, மனப்பாடம் செய்த உரை. சிறப்பு விருந்தினராக வந்த வெள்ளை அதிகாரி, வெள்ளையர் பள்ளிக்குப் புதிய ஆய்வகக் கருவிகள் வரப்போவதைச் சொன்னார். இந்தப் பிள்ளைகளிடம் வந்தபோது, நல்ல விளையாட்டு வீரர்கள் உங்களிடமிருந்து வருகிறார்கள் என்றார். கலிலியோவும் எடிசனும் அவர்களுக்கு, இவர்களுக்கு ஓட்டப்பந்தயம். அரங்கமே கூனிப்போய்விட்டது. பிறகு பேச எழுந்த மாணவன், தயாரித்த உரையை முடித்ததும் உடன் பட்டம் பெறும் மாணவர்களின் பக்கம் திரும்பி, கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதமாகக் கருதும் பாடலைத் தொடங்கினான். எல்லாரும் எழுந்து பாடினார்கள். அப்பள்ளிகளின் வரலாறு அந்த ஒரு மாலைக்குள் முழுதாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நிழல்கள்

இந்தப் பள்ளிகளைக் கொண்டாடும்போது விழுங்கிவிடக் கூடாதவை சில உண்டு. வாஷிங்டனின் கல்விக் கொள்கை கைத்தொழிலுக்கு முதலிடம் தந்தது. வரைபடங்களில் தொழில் அறை கட்டாயம். பையன்களுக்குத் தச்சு, விவசாயம். பெண்களுக்குச் சமையல், தையல். கறுப்பினத்தவரை என்றைக்கும் உழைப்பாளிகளாகவே நிறுத்திவைக்கும் கல்வி இது என்று டு போய்ஸ் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் வகுப்பறைக்குள் நடந்ததைக் கட்டடத்தின் வரைபடம் தீர்மானிக்கவில்லை. தொழில் அறையிலேயே கவிதை சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள் இருந்தார்கள்.

இன்னொன்று மிகக் கொடியது. அலபாமாவின் நோட்டசல்கா ஊரில் ஷைலோ தேவாலயமும் அதன் அருகே ரோசன்வால்ட் பள்ளியும் இருந்தன. ஊர் நம்பிக் கூடும் இடம் அது. 1932-இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய்க்கு மருந்து கொடுக்காமல் அது உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு, சுமார் 600 கறுப்பின ஆண்களைத் திரட்டியது. அவர்களைத் திரட்டிய இடங்களில் ஷைலோவும் ஒன்று. ரோசன்வால்ட் நிதி அதற்கு முன்பு அப்பகுதியில் மேகநோய்ச் சிகிச்சைக்கு உதவியிருந்தது, பிறகு விலகிக்கொண்டது. சிகிச்சை நின்றது, வேடிக்கை பார்ப்பது மட்டும் 1972 வரை நாற்பது ஆண்டு தொடர்ந்தது. பள்ளியையும் கோயிலையும் சுற்றி மக்கள் வளர்த்த நம்பிக்கை, அவர்களுக்கு எதிராகவே பயன்பட்டது.

கட்டடம் வந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்பதற்குத் தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுன்டி சாட்சி. 1940-களில் அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. அணை கட்டியதில் ஏரி நீர் பரவிச் சாலை மூழ்கும்போது, சில பிள்ளைகள் படகு வலித்துப் பள்ளிக்குப் போனார்கள். பெற்றோர் காசு சேர்த்துப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றது. எரிபொருளுக்காவது பணம் தாருங்கள் என்று கல்விக் குழுவிடம் கேட்டார்கள். மறுப்புதான் கிடைத்தது. லீவை பியர்சன் என்ற விவசாயி 1948-இல் வழக்குத் தொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கடன் நின்றது, அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கவில்லை, வெட்டிப்போட்ட மரம் வாங்க ஆளின்றி மக்கியது. அவருடைய நிலம் எந்தப் பள்ளி வட்டத்தில் இருக்கிறது என்ற சிக்கலில் வழக்குத் தள்ளுபடியானது.

ஊர் அடங்கவில்லை. போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலேய்ன் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். இம்முறை பேருந்தோடு நிற்கவில்லை. பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக அது வளர்ந்தது. 1949-50-இல் அந்தக் கவுன்டி ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலரும் ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலரும் செலவிட்டுவந்தது. மனுவில் முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ். பெட்ரோல் நிலையத்தில் அவர் பார்த்த வேலை போயிற்று. விடுதியில் அவர் மனைவி எலைசா பார்த்த வேலையும் போயிற்று. டிலேய்னின் தேவாலயம் 1955-இல் எரிக்கப்பட்டது. அவர் மாநிலத்தை விட்டே ஓட வேண்டியிருந்தது. ஆனால் 1954 மே மாதத்தில் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் இணைந்திருந்த ஐந்து வழக்குகளில், முதலில் அந்த நீதிமன்றத்தை எட்டியது இவர்களுடைய வழக்குதான். வரலாற்றுப் பாடம் படிக்கும் எல்லாருக்கும் பிரவுன் தெரியும். ஒரு பேருந்துக்கு எண்ணெய்க் காசு கேட்டவர்களையும் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றிக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கவில்லை. பெரும்பாலான தென் மாநிலங்கள் பத்து, பதினைந்து ஆண்டு இழுத்தடித்தன. தென் கரோலினா தீர்ப்புக்கு முன்பே விழித்துக்கொண்டது. 1951-இல் விற்பனை வரி போட்டு, கறுப்பினப் பிள்ளைகளுக்குச் செங்கல் கட்டடங்கள் கட்டத் தொடங்கியது. சமம் என்று காட்டிவிட்டால் பிரிவினை பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கு. அந்தப் புதிய கட்டடங்களுக்குப் பிள்ளைகள் மாற்றப்பட்டபோதே பல ரோசன்வால்ட் பள்ளிகள் மூடப்பட்டன. மற்றவை 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும், உண்மையான இணைப்பு நடந்தபோது மூடப்பட்டன.

இணைப்பு என்றால் பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான். கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள். வெள்ளைப் பிள்ளைகள் கறுப்பினப் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியராக இருந்தவர் துணை ஆனார், அல்லது வீட்டுக்குப் போனார். 1954-க்கும் 1965-க்கும் இடையில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பள்ளியின் பெயரும் கொடியும் நிறமும் போயின. கோப்பைகளையும் ஆண்டுப் படங்களையும் குப்பையில் கண்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நிலப்பத்திரம் கல்விக் குழுவின் பெயரில் இருந்ததல்லவா? வேண்டாத கட்டடத்தை ஏலம் விடும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. பாட்டன் எழுதிக்கொடுத்த நிலத்தைப் பேரன்மார் தேவாலயத்தின் பெயரில் ஏலம் எடுத்து மீட்ட ஊர்கள் உண்டு. மீட்க முடியாத இடங்களில் பள்ளிக்கூடம் வைக்கோல் அடைக்கும் கொட்டகை ஆனது.

வட கரோலினாவின் ஹைட் கவுன்டி மக்கள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. 1968-இல், இணைப்பு என்ற பெயரில் தங்கள் பள்ளிகள் இரண்டையும் மூடும் திட்டம் வந்தது. கறுப்பினப் பெற்றோர் ஓராண்டு முழுக்கத் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். தலைநகர் ராலேவுக்கு நடைப்பயணம் போனார்கள். பிரிவினை நீடிக்க வேண்டும் என்பதல்ல அவர்கள் கோரிக்கை. சேர்ந்து படிப்போம், எங்கள் கட்டடத்திலும் எங்கள் ஆசிரியரிடமும் சேர்ந்து படிப்போம் என்பதே. வென்றார்கள். இரண்டு பள்ளிகளும் மூடப்படவில்லை.

பழைய மாணவர்கள் அந்தப் பள்ளியை அன்போடு நினைவுகூரும்போது, சிலர் தடுமாறுகிறார்கள். பிரிவினைக் காலத்தை நல்ல காலம் என்பதா என்ற சங்கடம். வட கரோலினாவின் காஸ்வெல் கவுன்டி பயிற்சிப் பள்ளியைப் பற்றி வனெஸ்ஸா சிடில் வாக்கர் 1996-இல் எழுதிய நூல் இந்தச் சங்கடத்தை நேராக எதிர்கொள்கிறது. மாணவர் வீடு ஒவ்வொன்றும் தெரிந்த ஆசிரியர்கள், ஞாயிறன்று பெற்றோருடன் ஒரே தேவாலயத்தில் அமர்ந்த தலைமையாசிரியர், உன்னால் முடியும் என்று நாள்தோறும் கேட்ட சொல்: இவை அந்த மக்கள் உண்டாக்கியவை. பற்றாக்குறையை உண்டாக்கியது அரசு. நான் இரண்டையும் தனித்தனியாகவே வைக்க விரும்புகிறேன். அன்பாக நினைப்பவர் பிரிவினையை மன்னித்துவிட்டதாகப் பொருளில்லை.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு, சிகாகோ மத்திய வங்கியின் பொருளியலாளர்கள் டேனியல் ஆரன்சனும் பாஷ்கர் மஜும்தாரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தென் மாநிலக் கிராமங்களில் பள்ளி வயதிலிருந்த கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கு இந்தப் பள்ளிகள் இடமளித்தன. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான படிப்பு இடைவெளி வேகமாகக் குறைந்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. படித்தவர்கள் வட மாநிலங்களுக்குக் குடிபெயர்வதும் கூடியது. ஊரார் சேர்ந்து கட்டிய பள்ளி, அவர்களுடைய பிள்ளைகளையே ஊரைவிட்டு அழைத்துப் போயிருக்கிறது. பெற்றோர்கள் அதைத் தெரிந்தேதான் காசு போட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஐயாயிரத்துக்கும் மேல் கட்டியதில் இன்று நிற்பவை சுமார் 500. 2002-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்திலுள்ள வரலாற்று இடங்கள் பதினொன்றின் பட்டியலில் இந்தப் பள்ளிகளைச் சேர்த்தது. ஆண்ட்ரூ ஃபைலர் என்ற ஒளிப்படக் கலைஞர் மாநிலம் மாநிலமாகப் போய், எஞ்சியவற்றைப் படமெடுத்து 2021-இல் நூலாக்கினார். ஜான் லூயிஸ் அதற்கு முன்னுரை தந்திருந்தார். அதே ஆண்டு ஜனவரியில், ரோசன்வால்ட் பெயரில் தேசியப் பூங்கா அமைப்பதைப் பற்றி ஆராயும்படி சட்டம் இயற்றப்பட்டது. வேலை நடக்கட்டும். ஆனால் அங்கே வைக்கப்படும் பலகைகளில் 44 லட்சம் பெரிய எழுத்திலும் 47 லட்சம் சிறிய எழுத்திலும் வந்துவிடக் கூடாது.

ஏனென்றால் எஞ்சிய பள்ளிகளை இன்று தாங்கி நிற்பவர்கள் அந்த 47 லட்சத்தின் வாரிசுகள்தான். வெர்ஜினியாவின் ஸ்க்ராபிள் பள்ளி முதியோர் கூடும் இடமாகியிருக்கிறது. ஜார்ஜியாவின் நோபிள் ஹில் பள்ளி, கறுப்பின வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மற்ற ஊர்களில் கூரை ஒழுகுகிறது, தூண் சாய்கிறது. பழுதுபார்க்க மானியம் கேட்டால், ஊரும் தன் பங்கைத் திரட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. அன்று சுள்ளி பொறுக்கியவர்கள், இப்போது எழுபதும் எண்பதும் ஆனவர்கள், சனிக்கிழமைகளில் மீன் வறுத்து விற்கிறார்கள். வரியாக ஒரு முறை, நன்கொடையாக ஒரு முறை பெற்றோர் கொடுத்துவிட்ட பள்ளிக்கு, பிள்ளைகள் மூன்றாவது முறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.